காஞ்சனபுரியில் உறங்குவோர்

இறந்தவன் பெயரைக் கல்லிலே பொறித்து வைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி, அவன் பெயரையும் அவன் ஆற்றிய அருஞ்செயலையும் அக்கல்லில் எழுதி, மாலை சூட்டி வழிபட்டனர் நம் முன்னோர். கல்லைத் தெரிந்தெடுப்பது முதல் அதனை நாட்டி வாழ்த்துவது வரையுள்ள முறைகளைத் தொல்காப்பியம் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கின்றது. உடல் அழியும், பெயராவது நிலைக்கட்டும் என்பதே அவ்வழக்கத்தின் கருத்தாகும்.

அத்தகைய மரபிலே வந்த மக்களுட் பல்லாயிரவர், இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில், அந்நிய நாட்டுக் காடுகளிலே மாண்டு, கல்லுமின்றிப் பெயருமின்றி மண்ணோடு மண்ணாயினர். தாய்லாந்து தேசத்தின் மேற்கெல்லையில் உள்ள காஞ்சனபுரி மாகாணமும், அதனை அடுத்த பர்மாவின் மலைக்காடுகளுமே அவர்கள் மாண்ட இடங்கள். அவர்களை விழுங்கியது ஒரு புகையிரதப் பாதை. மலாயாத் தமிழர் அதனைச் 'சயாம் மரண ரயில்' என்று அழைத்தனர்.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ போதகர் ஒருவர், பாங்கொக் நகரில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களிடையே சில வாரம் ஊழியஞ் செய்வதற்கு அழைக்கப்பட்டிருந்தார். கல்லூரி விடுமுறைக் காலமாகையால் அவருக்கு வழித்துணையாகச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. யான் சைவன், அவரோ என்னினும் வயதில் மூத்த கிறிஸ்தவ குரு. எனினும் எங்கள் இரு குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக அயலவர். ஆராதனைகளுக்கும் வீட்டுக் கூட்டங்களுக்கும் இடையே ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. அரண்மனையையும் புத்த விகாரைகளையும் காட்டுவதற்கு அன்பர்கள் ஆயத்தமாயிருந்தனர். போதகரோ, "காஞ்சனபுரிக்குப் போக வேண்டும்" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய பாட்டனாரின் தம்பியார் மலாயாப் புகையிரதப் பகுதியில் இலிகிதராகக் கடமையாற்றியவர். 1943ஆம் ஆண்டில் அவரைச் சீயத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள் என்ற செய்தி மாத்திரம், யுத்தம் முடிந்து நெடுநாட்களின் பின் ஊருக்கு எட்டியது. அதன் பின்னர் எச்செய்தியும் இல்லை.

பாதை பிறந்த கதை

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் இரங்கூனும் வீழ்ந்தது. பர்மாவில் நின்ற ஜப்பானியப் படைக்கு உணவும் ஆயுதமும் கடல் வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. ஜூன் மாதத்தில் மிட்வே கடற்போரில் ஜப்பான் பெருந்தோல்வி கண்டது. மலாக்கா நீரிணையைச் சுற்றிச் செல்லும் கப்பல்களோ நேசநாடுகளின் நீர்மூழ்கிகளுக்கு இரையாகக்கூடிய நிலையில் இருந்தன. ஆகவே தாய்லாந்தையும் பர்மாவையும் தரை வழியாக இணைக்க ஜப்பானியர் துணிந்தனர்.

தாய்லாந்திலுள்ள பான் பொங் நகரிலிருந்து பர்மாவிலுள்ள தன்பியூசயாத் வரை பாதையின் நீளம் 415 கிலோமீற்றர். மலை, காடு, ஆறு, மழை, மலேரியா என்பன வழியெங்கும் தடையாய் நின்றன. இத்தகைய பாதையை இயந்திர உதவி பெரிதுமின்றி, மண்வெட்டி, கூடை, சம்மட்டி, உளி என்பவற்றைக் கொண்டு ஏறக்குறைய பதினாறு மாதங்களில் அமைத்து முடித்தார்கள். 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆந் தேதி இரு திசையிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் ஒன்றுகூடின. அத்தண்டவாளங்களுள் ஒரு பகுதி, மலாயாவின் கிழக்குக்கரைப் புகையிரதப் பாதையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவையாகும். எத்தனையோ யாழ்ப்பாணத்தவர் இலிகிதராகவும் நிலைய அதிபராகவும் சேவை செய்த அதே மலாயாப் புகையிரதப் பகுதியின் இரும்பு அது.

வேலைக்கு அமர்த்தப்பட்ட யுத்தக் கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர். பிரித்தானியர், அவுஸ்திரேலியர், ஒல்லாந்தர், சிறுதொகை அமெரிக்கர். இவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் பேரளவினர். தமிழர், மலாயர், சீனர், பர்மியர், யாவகத்தார் எனப் பல இனத்தவர். இவர்களுள் இறந்தோர் தொகை எண்பதினாயிரத்துக்கும் தொண்ணூறாயிரத்துக்கும் குறையாது என்பர் ஆராய்ச்சியாளர். யுத்தக் கைதிகளின் மரணக் கணக்கு ஏறக்குறைய ஒவ்வொரு தலையாக எண்ணப்பட்டிருக்க, ஆசியத் தொழிலாளரின் கணக்கு ஆயிரங்களிலே தடுமாறுவது ஏன்? காஞ்சனபுரிக்குச் செல்வோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

பெயருள்ள கல்லறைகள்

பாங்கொக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து புறப்படும் புகையிரதம், நெல்வயல்களையும் கரும்புத் தோட்டங்களையும் கடந்து, முற்பகலில் எங்களைக் காஞ்சனபுரியில் இறக்கியது. காஞ்சனம் என்றால் பொன். புரி என்றால் நகரம். நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே யுத்தவீரர் கல்லறைத் தோட்டம் உள்ளது. பிரித்தானியப் பொதுநலவாய நாடுகளைச் சேர்ந்த ஐயாயிரவரும் ஒல்லாந்தர் ஆயிரத்துத் தொளாயிரவருமாக ஏறக்குறைய 7,000 பேர் அங்கே அடங்கியிருக்கின்றனர். புல் ஒட்ட வெட்டப்பட்டிருக்கின்றது. வரிசை பிறழாத தாழ்ந்த பீடங்கள். ஒவ்வொன்றின் மீதும் ஒரு வெண்கலத் தகடு. அதிலே பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. சிலவற்றின் அடியிலே தாயோ மனைவியோ அனுப்பிய ஒரு வாசகம். வயதைப் பார்த்துக்கொண்டு நடந்தால் இருபத்தொன்று, இருபத்துமூன்று, இருபத்தாறு என்றே வருகின்றது. எம் கல்லூரியை விட்டு நேற்றுச் சென்ற மாணவரின் வயது.

இரண்டு கல்லறைகள் மாத்திரம் வேறுவகையானவை. 1943ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் நீக்கே முகாமில் கொலரா எனப்படும் வாந்திபேதி பரவியபோது, இறந்தோரைத் தகனஞ் செய்ய நேர்ந்தது. அவர்களுள் முந்நூறு பேரின் சாம்பல் அவ்விரு குழிகளில் உள்ளது. அவர்களுடைய பெயர்களும் தவறவில்லை. மண்டபத்திலுள்ள தகடுகளிலே அத்தனையும் எழுதப்பட்டுள்ளன. தாய்லாந்தின் முஸ்லிம் மயானங்களில் அடக்கஞ் செய்யப்பட்ட, பிரிவுபடாத இந்தியாவின் படையினர் பதினொருவரின் பெயர்களும் வாயிற் கட்டடத்திலே உண்டு.

இவை தாமாக வந்த பெயர்களல்ல. கைதிகளின் முகாம்களிலே அதிகாரிகளும் வைத்தியரும் இராணுவப் போதகர்களும் இறந்தவர் பெயரை, நோயை, தேதியை, புதைத்த இடத்தை எழுதி வைத்தனர். காவலர் கண்டால் தண்டனை. ஆதலால் அவ்வேடுகளை ஒளித்தும் புதைத்தும் காத்தனர். யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டிலே ஒரு சிறு குழு, அக்குறிப்புகளைக் கையிற்கொண்டு பாதை நெடுகச் சென்று, காடு மூடிய இடங்களிலே பதினாயிரத்துக்கு மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டறிந்தது. அக்குழுவில் ஒரு போதகரும் இருந்தார். முன்பு ஜப்பானிய இராணுவப் பொலிசில் மொழிபெயர்ப்பாளராயிருந்த நாகசே தக்காஷி என்பவரும் இருந்தார். குழிகளை ஒவ்வொன்றாகக் கண்ட நாகசேயின் மனம் அதன்பின் அமைதி பெறவில்லை. அவர் பலமுறை காஞ்சனபுரிக்கு மீண்டு வந்தார். 1986இல் பாலத்தருகே ஒரு சமாதான ஆலயம் அமைத்தார். தாம் உடனிருக்கச் சித்திரவதைக்கு ஆளான எரிக் லோமாக்ஸ் என்னும் பிரித்தானியக் கைதியை 1993இல் அதே ஊரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார், மன்னிப்பும் பெற்றார்.

ஆற்றுக்கு அப்பால் சுங்காய் என்னும் இடத்தில் மற்றொரு கல்லறைத் தோட்டம் உண்டு. கைதிகளே தம் தோழரைப் புதைத்த இடம் அது. ஏறக்குறைய 1,700 கல்லறைகள். அங்கே கைதிகளின் வைத்தியசாலை ஒன்றும் தேவாலயம் ஒன்றும் இருந்தன. ஏர்னஸ்ட் கோர்டன் என்ற ஸ்கொத்லாந்துப் படை அதிகாரியின் வாழ்க்கை திரும்பிய இடமும் அதுவே. சிங்கப்பூர் வீழ்ந்த பின் அவர் பாய்மரப் படகொன்றில் இலங்கையை நோக்கித் தப்பி வரும் வழியிற் பிடிபட்டவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். சுங்காயில் நோயுற்று, இனிப் பிழையார் என்று கைவிடப்பட்டிருந்த அவரை, இரு சாதாரணச் சிப்பாய்கள் புண்ணைக் கழுவி, உணவூட்டி, நாள்தோறும் பேணி நடக்கச் செய்தனர். ஒருவர் மெதடிஸ்தர், மற்றவர் கத்தோலிக்கர். விடுதலைக்குப் பின் கோர்டன் குருத்துவம் பெற்று, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் தலைவராக 1955 முதல் 1981 வரை பணியாற்றினார். "ஊழியம் என்பது பிரசங்கம் மாத்திரமன்று, மாஸ்டர். புண்ணைக் கழுவினதும் ஊழியந்தான், செத்தவன் பெயரை எழுதி வைத்ததும் ஊழியந்தான்" என்று சொன்னார் போதகர்.

பாலமும் படமும்

காஞ்சனபுரிக்கு வருவோரிற் பெரும்பாலார் பாலத்தையே காண வருகின்றனர். வளைந்த இரும்புச் சட்டங்கள் யாவாத் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. குண்டுவீச்சிற் சிதைந்த நடுப்பகுதிக்குப் பதிலாக யுத்தத்தின் பின் ஜப்பான் அளித்த இரு சட்டங்கள் கோண வடிவில் இருப்பதால், பழையதையும் புதியதையும் எளிதிற் பிரித்தறியலாம். இன்றும் அதன் மேல் புகையிரதம் ஓடுகின்றது. பாலம் கட்டப்பட்டபோது அந்த ஆற்றின் பெயர் குவாய் அன்று. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தோர் குவாய் ஆற்றைத் தேடியதால், 1960களில் அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. அத்திரைப்படம் பிடிக்கப்பட்டதோ நம் நாட்டிலே, கித்துல்கலையில். களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் ஒன்றைக் கட்டி, படத்துக்காக அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். பாலத்தின் கதை உலகெங்கும் பரவியது. ஆனால் பாதையில் இறந்தோருட் பெருந்தொகையினரான ஆசியத் தொழிலாளரின் கதை அப்படத்தில் இடம்பெறவில்லை.

1977இல் காஞ்சனபுரி விகாரையொன்றின் குருமார் அமைத்த 'ஜீத்' என்னும் நூதனசாலையின் பெயரிலும் இதே நிலையைக் காணலாம். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஒல்லாந்து என்ற நாடுகளின் ஆங்கிலப் பெயர்களது முதலெழுத்துகளைக் கோத்து ஆக்கிய பெயர் அது. மலாயாவுக்கோ பர்மாவுக்கோ இந்தியாவுக்கோ அதில் ஓர் எழுத்தும் இல்லை.

பெயரற்றவர்கள்

மலாயாவிலிருந்து மாத்திரம் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலார் இறப்பர்த் தோட்டங்களிலே பால் வெட்டி வாழ்ந்த தமிழர். யுத்தத்தால் இறப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களிலே வேலையும் அரிசியும் அருகியிருந்த காலம். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் இருப்பிடமும் இலவசம் என்று ஆசை காட்டினர். முதலிற் சென்றவர் திரும்பாமை கண்டு ஏனையோர் மறுத்தபோது, பலாத்காரம் தொடங்கியது. வீதியிற் சென்றவரையும் பிடித்தனர். இலவசப் படக்காட்சி என அழைத்து, கொட்டகைக் கதவை அடைத்து, அப்படியே புகையிரதத்தில் ஏற்றினர்.

அவர்களிடம் படை ஒழுங்கு இல்லை, தமக்காக வாதாட அதிகாரி இல்லை, வைத்தியர் அரிது. கொதித்தாறிய நீரைத்தான் குடிக்க வேண்டும் என்று வற்புறுத்துவோர் கைதிகளின் முகாமில் இருந்தனர். கூலிகளின் முகாமில் இல்லை. 1943ஆம் ஆண்டு மாரியிலே வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாக மடிந்தனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூர்ச் சாங்கி முகாமிலிருந்து கைதிகளான வைத்தியர் குழுக்கள் இரண்டு கூலிகளின் முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. போதிய மருந்தின்றி அவர்கள் செய்யக்கூடியது சிறிதாகவே இருந்தது. இறந்தவரை ஒரே குழியிற் பலராக இட்டு மூடினர், அல்லது எரித்தனர். எழுதி வைப்பதற்கு அங்கே ஏடும் இல்லை; எழுதுவோனும் இல்லை. 1990ஆம் ஆண்டிற்கூட, காஞ்சனபுரிக்கு அருகே ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்கேனும் பெயர் இல்லை.

விசித்திரம் என்னவெனில், தமிழெழுத்தை அவ்வூரிலே முதலிற் கல்லில் ஏற்றியவர் ஜப்பானியரே. பாதை முடிந்த பின், 1944ஆம் ஆண்டு பெப்ரவரியில், இறந்தோர் அனைவருக்குமாக அவர்கள் பாலத்தருகே ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பினர். அதைச் சூழ்ந்த சுவர்களிலே பல மொழிகளிற் பொறித்த வாசகங்களுள் தமிழும் ஒன்று. கொன்றவர் எழுதிய இரங்கல் அது. அதன் முன் நின்ற எனக்குக் கோபம் வருவதா, ஆறுதல் வருவதா என்று புரியவில்லை. தமிழெழுத்தைக் கண்ட கண் அங்கிருந்து எளிதிற் பெயர மறுத்தது மாத்திரம் உண்மை.

யுத்தவீரர் கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலே தாவோன் வராராம் என்னும் பௌத்த விகாரை உள்ளது. வியட்நாமிய மரபைச் சேர்ந்தது. கண்டெடுக்கப்பட்ட ஆசியத் தொழிலாளரின் எலும்புகளை அவ்விகாரையாரே ஏற்று, தம் வளவில் அடக்கி, மேலே ஒரு தூபி கட்டி வைத்தனர். இறந்தவர் எந்தச் சமயத்தவர், எந்த மொழியினர் என்று அவர்கள் கேட்கவில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், தமிழரின் முயற்சியால் அவ்விகாரை வளவிலே ஒரு நடுகல் நாட்டப்பட்டது. பாதை முடிந்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்!

மாலை வெயில் சாயும் வேளையில் அவ்விடத்தை அடைந்தோம். காலையில் ஏழாயிரம் பெயர்களுக்கிடையே நடந்த கண்களுக்கு, இங்கே வாசிக்க ஒரு பெயரும் இல்லை. போதகர் நெடுநேரம் பேசாது நின்றார்.

"இவர்களில் அநேகர் உங்கள் சமயத்தவர், மாஸ்டர். நான் ஜெபிக்கலாமோ?" என்று கேட்டார்.

"ஐயா, புத்த பிக்குகள் கேட்கவில்லை, நான் கேட்பேனா? ஜெபியுங்கோ" என்றேன்.

அவர் உரத்துப் பேசவில்லை. ஜெபத்தின் நடுவே தம் பாட்டனாரின் தம்பியார் பெயரை, தந்தை பெயருடனும் ஊர்ப் பெயருடனும் சேர்த்து ஒருமுறை சொன்னார். அவர் முடித்த பின் யான் எனக்குத் தெரிந்த தேவாரப் பாடல் ஒன்றை ஓதினேன். அவ்விளைஞர் அந்த மண்ணில்தான் அடங்கினாரென்று நிச்சயமாகச் சொல்வதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆயினும் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் பெயர் அந்நாட்டுக் காற்றிலே ஒலித்தது.

நாம் செய்யத்தக்கது

திரும்பும் வழியிற் போதகர் சொன்னார்: "அந்தப் பெயர் எனக்குத் தெரிந்தது என் ஆச்சி சொன்னபடியால். என் பிள்ளைகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை." அவர் தம் வீட்டைப் பற்றிச் சொன்னது நம் வீடுகளிற் பலவற்றுக்கும் பொருந்தும். மலாயா உத்தியோகமும் மலாயாப் பென்சனும் கண்ட குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலே எத்தனையோ. போய்த் திரும்பினோரின் படங்கள் சுவரிலே தொங்குகின்றன. போய்த் திரும்பாதோரின் பெயர் முதியோர் நினைவிலே மாத்திரம் தங்கியது. அம்முதியோரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். நம் காலத்து இடப்பெயர்வுகளிலே பெட்டிகளும் கடிதங்களும் படங்களும் அழிந்தமையும் யாவரும் அறிந்ததே.

கைதிகளின் கல்லறைகளுக்குப் பெயர் கிடைத்தது, அவர்கள் வெள்ளையர் என்பதனால் மாத்திரமன்று; பசியோடும் காய்ச்சலோடும் யாரோ ஒருவர் குந்தியிருந்து எழுதி வைத்ததனாலுமாகும். அவ்வெழுத்து வேலையை நாம் இன்று நிழலில் இருந்து, வயிறார உண்டு, யாருக்கும் அஞ்சாது செய்யலாம். மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ மலாயாவுக்குச் சென்று திரும்பாதவர் ஒருவர் இருந்தாரா என்று பெரியோரிடம் கேளுங்கள். அவர் பெயர், தந்தையார் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம் அல்லது நிலையம், கடைசிக் கடிதம் வந்த ஆண்டு ஆகிய ஐந்தையும் ஒரு கொப்பியிலே எழுதுங்கள். பழைய கடிதம் இருந்தால் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பாடசாலை நூல்நிலையத்திலும் வையுங்கள். போதகர் வீடு திரும்பிய அன்றிரவே தம் குடும்ப வேதாகமத்தின் முன் தாளில், பிறப்பும் விவாகமும் எழுதியுள்ள வரிசையிலே, அந்தப் பெயரை எழுதி, அருகே '1943, சீயம்' என்று குறித்துவைத்தார்.